வெளிநாட்டார் நம் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

கோவாவின் கடற்கரைச் சாலைகளில் வெளிநாட்டுக்காரர்கள் ஸ்கூட்டரில் போவதைப் பார்க்கலாம். இமயமலைப் பக்கம் போனால் மணாலி என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து லடாக்கில் உள்ள லே நகருக்கு ஒரு மலைப்பாதை போகிறது. கோடையில் பனி விலகியதும் அந்தப் பாதையில் புல்லட் வண்டிகள் வரிசையாக ஏறும். ஓட்டுபவர்களில் பலர் வெளிநாட்டவர். (அந்தப் புல்லட் 1950-களில் நம் சென்னைத் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய வண்டி!)

இவர்களுக்கு லைசென்ஸ் உண்டா? யார் கொடுத்தது? அது நம் நாட்டில் செல்லுமா? வாருங்கள், பார்ப்போம்.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. அதன் மூன்றாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது. உள்ளூர்க்காரருக்கும் இதுதான் சட்டம். வெளியூர்க்காரருக்கும் இதுதான் சட்டம்.

வெளிநாட்டுக்காரரிடம் அவருடைய நாட்டு லைசென்ஸ் இருக்கும். ஆனால் அது என்ன மொழியில் இருக்கும்? ரஷ்ய எழுத்தில் இருக்கலாம். ஜப்பானிய எழுத்தில் இருக்கலாம். சோதனைச் சாவடியில் நிற்கும் போலீஸ்காரர் அதை எப்படிப் படிப்பார்?

இந்தச் சிக்கல் எல்லா நாடுகளுக்கும் இருந்தது. அதனால் 1949-இல் ஜெனிவா நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த ஒப்பந்தப்படி ஒரு சிறிய புத்தகம் கொடுக்கப்படுகிறது. அதன் பெயர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. மக்கள் ‘இண்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்று சொல்கிறார்கள். அட்டை சாம்பல் நிறத்தில் இருக்கும். உள்ளே ஒரே செய்தி பல மொழிகளில் அச்சிட்டிருக்கும். ஓட்டுபவரின் படமும் இருக்கும்.

இது புதிய லைசென்ஸ் அல்ல. ஏற்கெனவே உள்ள லைசென்ஸின் மொழிபெயர்ப்பு என்று சொல்லலாம். அதனால் இரண்டும் கையில் இருக்க வேண்டும். நாட்டு லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு, இந்தப் புத்தகத்தை மட்டும் காட்டினால் போதாது. புத்தகம் கொடுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் செல்லும். அதற்குள் நாட்டு லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டால் புத்தகமும் செல்லாது.

அதை எங்கே வாங்குவது? லைசென்ஸ் கொடுத்த நாட்டில்தான் வாங்க வேண்டும். பிரிட்டனில் இருந்து வருபவர் பிரிட்டனிலேயே வாங்கி வர வேண்டும். கோவாவுக்கு வந்து இறங்கிய பிறகு நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டால் கிடைக்காது. இண்டர்நெட்டில் சிலர் பளபளப்பான பிளாஸ்டிக் அட்டைகளை ‘இண்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்று விற்கிறார்கள். அந்த அட்டைக்கு மதிப்பே கிடையாது. கொடுத்த பணம் போனதுதான்.

புத்தகத்தில் முக்கியமான இடம் எது? படம் ஒட்டிய கடைசிப் பக்கம்தான். அங்கே ஆங்கில எழுத்துகள் ஐந்து இருக்கும். ஏ, பி, சி, டி, ஈ. ஏ என்றால் மோட்டார் சைக்கிள். பி என்றால் கார். மற்ற எழுத்துகள் லாரி, பஸ், இழுவை வண்டிகளுக்கு. எந்த வண்டியை ஓட்ட உரிமை உண்டோ, அந்த எழுத்துக்கு நேராக முத்திரை குத்தியிருப்பார்கள்.

கோவாவில் ஒரு குடும்பம் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குப் படிக்கத் தெரியாது. மனைவி இரவு வகுப்பில் எழுத்துப் படித்தவர். ஒரு வெளிநாட்டு இளைஞர் வருகிறார். சாம்பல் நிறப் புத்தகத்தை நீட்டுகிறார். கணவர் படத்தைப் பார்க்கிறார். இளைஞரின் முகத்தைப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றுதான். சாவியை எடுக்கப் போகிறார்.

“கொஞ்சம் பொறுங்க. கடைசிப் பக்கத்தைப் பார்க்கணும்” என்கிறார் மனைவி.

“போட்டோ சரியா இருக்கு. முத்திரையும் இருக்கே.”

“முத்திரை எங்க இருக்குன்னு பாருங்க. பி-க்கு நேரா இருக்கு. ஏ-க்கு நேரா ஒண்ணுமே இல்லை. இவர் கார்தான் ஓட்டலாம்.”

“நம்ம ஸ்கூட்டருக்குக் கியர்கூடக் கிடையாது. ஓட்ட மாட்டாரா?”

“ஓட்டுவார். யார் மேலயாவது மோதிட்டா என்ன செய்வீங்க?”

நல்ல கேள்வி. அந்த இளைஞர் பொய் சொல்ல வந்தவர் அல்ல. சில நாடுகளில் கார் லைசென்ஸை வைத்தே சிறிய ஸ்கூட்டர் ஓட்டலாம். அந்தப் பழக்கத்தில் இங்கும் ஓட்டலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் இங்கே புத்தகத்தில் உள்ள முத்திரைதான் பேசும்.

மோதினால் என்ன ஆகும்? சாலையில் நடந்து போன ஒருவர் அடிபடுகிறார். கால் முறிந்து, ஆறு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அவர் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி, ‘ஓட்டியவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை’ என்று வாதாடும். 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது பற்றி விரிவான தீர்ப்புச் சொன்னது. லைசென்ஸ் சரியில்லை என்றாலும் அடிபட்டவரைக் கைவிடக் கூடாது. முதலில் கம்பெனி பணம் கொடுக்கட்டும். பிறகு அதை வண்டியின் சொந்தக்காரரிடம் வசூலிக்கலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அடிபட்டவருக்கு இது ஆறுதல். ஆனால் அந்தப் பணம் யார் தலையில் விழுகிறது? லைசென்ஸைப் பார்க்காமல் சாவி கொடுத்தவர் தலையில்! வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறிப் போய்விடுவார். வீட்டையும் கடையையும் வைத்துக்கொண்டு இங்கேயே இருப்பவர் சொந்தக்காரர்தான்.

தனியாகத் தண்டனையும் உண்டு. லைசென்ஸ் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டி கொடுப்பது குற்றம். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தை 5000 ரூபாய் ஆக்கினார்கள். மூன்று மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கும் இதே அளவு தண்டனைதான்.

வாடகை வண்டியை எப்படி அடையாளம் காண்பது? நம்பர் பலகையைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், வாங்குபவரே ஓட்டும் வாடகை வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் சொந்த வண்டி. அதை வாடகைக்கு விடக் கூடாது. மோட்டார் சைக்கிளை வாடகைக்கு விடுவதற்கு என்றே 1997-இல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. அதன்படி உரிமம் வாங்கித்தான் இந்தத் தொழிலைச் செய்ய வேண்டும்.

சிலர் தங்கள் சொந்த மோட்டார் சைக்கிளிலேயே பல நாடுகளைக் கடந்து வருகிறார்கள். அவர்களுக்கு 2022-இல் தனி விதிகள் வந்தன. வண்டியின் பதிவுச் சான்று, லைசென்ஸ், இந்தியாவில் செல்லும் இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத தாளுக்குச் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். நம் பிள்ளைகளும் வெளிநாடு போகிறார்களே! அங்கே அவர்கள்தான் வெளிநாட்டுக்காரர்கள்.

நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே இந்தப் புத்தகம் கிடைக்கும். விண்ணப்பப் படிவத்தின் எண் 4-ஏ. கட்டணம் 1000 ரூபாய். செல்லுபடியாகும் இந்திய லைசென்சும் பாஸ்போர்ட்டும் வேண்டும். நம் லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால் பி முத்திரைதான் கிடைக்கும். மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுத்திருந்தால்தான் ஏ முத்திரை விழும்.

புத்தகம் வாங்கியாகிவிட்டது. எல்லா நாட்டிலும் ஓட்டலாமா? முடியாது. ஜப்பான் 1949 ஒப்பந்தப் புத்தகத்தை ஏற்கிறது. அங்கே நம் புத்தகம் செல்லும். வியட்நாம் 1968-இல் வியன்னாவில் செய்த வேறொரு ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. இந்தியா கொடுப்பதோ 1949 வகைப் புத்தகம். ஆகவே அங்கே அது உதவாது. ஆனாலும் அங்கே ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைத்துவிடும். கடைக்காரர் சாவி கொடுத்தார் என்பதற்காகச் சட்டம் அனுமதித்தது என்று ஆகாது. சீனா இரண்டு புத்தகங்களையுமே ஏற்பதில்லை. அந்த நாட்டு லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு நம் இளைஞர்கள் பலர் போகிறார்கள். ‘இண்டர்நேஷனல் லைசென்ஸ் இருந்தால் போதும், தம்பி’ என்று ஏஜெண்டு சொல்லலாம். அது சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குச் சரி. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா பெற்று வேலை செய்யும் இந்தியருக்கு அந்தப் புத்தகம் செல்லாது. அங்கேயே மோட்டார் சைக்கிளுக்குப் பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, அந்த நாட்டு லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்கு நாளும் ஆகும், பணமும் ஆகும். அந்தச் செலவு கம்பெனியுடையதா, தன்னுடையதா? லைசென்ஸ் கிடைக்கும்வரை சம்பளம் உண்டா? பணம் கட்டுவதற்கு முன்பே ஏஜெண்டிடம் இதைக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளலாம்.