நெடுந்தீவுக்கு ஒரு காலைப் பயணம்

மலைகளைப் பிளந்தோடும் ஆறு நம் குடாநாட்டிற்கு வாய்க்கவில்லை. அக்குறையைத் தீவகக் கடல் தீர்த்து வைக்கிறது. பண்ணை, வேலணை, புங்குடுதீவு எனச் செல்லும் தரைவழி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அங்கிருந்து நெடுந்தீவிற்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இளங்காலையில் கடல் அலையடங்கிக் கிடக்கும். வலப்புறத்தே நயினை நாகபூஷணி அம்மன் கோபுரம் மெல்லப் பின்வாங்கும். நாம் காட்சியில் இலயித்திருக்க, அருகிலிருப்பவரோ அரிசி மூட்டையில் தலைசாய்த்து உறங்குகிறார்! தீவாருக்கு இஃது உல்லாசப் பயணமன்று. பெரிய மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் இக்கடலுக்கு அப்பால் உள்ளன. சோளகம் மூர்க்கங்கொண்டால் படகோட்டம் நின்றுவிடும். 1985 மே 15-இல் குமுதினிப் படகில் சென்றோர், குழந்தைகள் உட்பட, இக்கடலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டனர்.

கரையேறியதும் பவளக்கல் அடுக்கிய மதில்கள் நம்மை எதிர்கொள்கின்றன. திரும்பும் படகின் நேரத்தை அங்கேயே கேட்டறிந்துகொள்வது நன்று.