மறுபடியும் வந்துவிடுமா?

வெள்ளிக்கிழமை ரிவியூ. புதன்கிழமையே ஒரு அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து இரண்டு வருடமாகிறது. குளிக்கும்போது விரல் தானாகத் தழும்பைத் தேடிப் போகும். குடம் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டாலும், "எலும்புக்குப் போயிடுச்சோ?" என்றுதான் முதலில் தோன்றும். வீட்டில் சொன்னால், "அதான் சரியாப் போச்சுல்ல, இன்னும் ஏன் அதையே நினைக்கிறே?" என்பார்கள். சொல்வதையே நிறுத்திவிட்டார்.

இந்தப் பயம் கோழைத்தனம் இல்லை. சிகிச்சை முடித்தவர்களில் மிகப் பலருக்கு இருப்பதுதான். அதை அடக்கிவைக்க வேண்டாம். அதற்குச் சரியான வேலை கொடுக்க வேண்டும்.

ஏன் உறுதி சொல்ல முடியவில்லை?

ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் தப்பிய சில செல்கள், ஸ்கேனில் தெரியாத அளவில் உடலில் தங்கியிருக்கலாம். அதனால்தான் எந்த டாக்டராலும் "இனி வரவே வராது" என்று எழுதிக்கொடுக்க முடிவதில்லை. ஆனால் ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. மார்பகப் புற்றில் ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் திரும்பும். 5 ஆண்டு கடந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஹார்மோன் பாசிட்டிவ் வகையில் அந்த ஆபத்து நீண்ட காலத்துக்குத் தொடரும். டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளை 5 முதல் 10 ஆண்டு வரை கொடுப்பது அதற்காகத்தான். நன்றாக இருக்கிறோமே என்று மாத்திரையை நாமாக நிறுத்துவதுதான் நிஜமான ஆபத்து.

எனவே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: எனக்கு வந்தது எந்த வகை, எந்த நிலை? ஆபத்து அதிகமான வருடங்கள் எவை? என்ன வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும்? யாருக்கு போன் செய்ய வேண்டும்?

எந்த வலிக்கு ஓட வேண்டும்?

புதிதாக வந்ததா, காரணம் தெரியாததா, இரண்டு வாரமாகியும் போகவில்லையா, நாளுக்கு நாள் கூடுகிறதா என்று பாருங்கள். தழும்பருகிலோ அக்குளிலோ கட்டி, விடாத எலும்பு வலி, நிற்காத இருமல், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மூச்சுத் திணறல், திடீரென்று கால் மரத்து பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, வலிப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"எதற்கும் ஒரு பெட் ஸ்கேன் எடுத்துடலாமே" என்பவர்கள் உண்டு. மார்பகப் புற்றில் முதல் 3 ஆண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த 2 ஆண்டு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும் டாக்டரின் நேரடிப் பரிசோதனை, ஆண்டுக்கொரு மேமோகிராம் என்பதே பொதுவான முறை. அறிகுறி இல்லாதவருக்கு வழக்கமாக பெட் ஸ்கேனோ ட்யூமர் மார்க்கர் ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. ஒன்றுமில்லாத ஒரு புள்ளி தெரிந்து, ஊசி குத்திப் பார்த்து, முடிவு வரும்வரை தவிப்பதுதான் பலமுறை மிச்சம். பயத்தால் ரிவியூவுக்கே போகாமல் இருப்பதும் அதே அளவு தவறு.

கேட்டு வாங்க வேண்டியவை

உங்கள் மருத்துவ ஆவணங்கள் உங்கள் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகள். பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, கீமோ விவரம் மூன்றும் உங்கள் ஃபைலில் இருக்கட்டும். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனப்படி, வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. புற்றுநோயாளிகளுக்கான ரயில் கட்டணச் சலுகை, சிகிச்சைக்கு மட்டுமல்ல, ரிவியூவுக்குப் போகும் பயணத்துக்கும் பொருந்தும். உடன் வருபவருக்கும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தைக் கேளுங்கள்.

பயத்தோடு வாழ்வது எப்படி?

உடம்பில் புதிதாக ஏதாவது தோன்றினால் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எழுதிவிட்டால் அதை ராத்திரி முழுக்க மனதில் சுமக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நடைப்பயிற்சியைத் தொடங்குங்கள். பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், 3 ஆண்டு முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு, நோய் திரும்புவது உள்ளிட்ட ஆபத்து மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, நாளுக்குப் பல தடவை உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, ரிவியூ தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள் என்றால் மனநல உதவி தேவை. மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "நினைக்காதே" என்று சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள்.

அந்த அக்கா இப்போது நோட்டு வைத்திருக்கிறார். "இடுப்பு வலி, குடம் தூக்கினது" என்று ஒரு வரி. ஐந்தாம் நாள் வலி போனதும் அவரே அதை அடித்துவிட்டார். கீழே வெள்ளிக்கிழமை கேட்பதற்கு நான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தார். "மறுபடியும் வந்துடுமா?" என்பது அதில் இல்லை. பதில் கிடைக்கிற கேள்விகள் மட்டுமே இருந்தன.