கோடு விழாத ஊர்: மாத்தூரின் மட்டக் கணக்கு

புழல் ஏரி விளிம்பு வரை நிரம்பினால் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 50.20 அடி. மீட்டரில் 15.3. அங்கே திறந்துவிடும் உபரிநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக 13.5 கிலோமீட்டர் ஓடி, எண்ணூரை நோக்கிப் போகும் கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. ஏரியின் விளிம்பிலிருந்து கடல் மட்டம் வரைக்கும் முழு இறக்கத்தையும் கணக்கில் வைத்தாலும், கிலோமீட்டருக்கு 1.13 மீட்டருக்கு மேல் தேறாது. நூறு மீட்டர் நடந்தால் 11 செ.மீ. இறக்கம், ஒரு செங்கல்லின் அகலம். கொசப்பூரை ஒட்டிய மாத்தூர் இந்தச் சரிவின் ஓரத்தில்தான் இருக்கிறது. 2011 வரை ஊராட்சி. அந்த ஆண்டு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது மணலி மண்டலத்துக்குள் வந்தது.

இந்த ஊரின் மேடு பள்ளத்தை வரைபடத்தில் பார்க்கலாம் என்று இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளைப் பிரித்தால் ஏமாற்றம்தான். ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைப்பது சம உயரக் கோடு என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தத் தாள்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் வழக்கமான இடைவெளி 20 மீட்டர். ஏரியே 15.3 மீட்டரில் நிற்கும்போது அதற்குக் கீழே கடல் வரைக்கும் எந்தக் கோடு விழும்? ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் நெருக்கி நெருக்கி விழுகிற கோடு, வடசென்னைக்கு வரும்போது ஒன்றுகூட மிச்சமில்லை. தண்ணீர் அதிகம் நிற்கிற ஊருக்குத்தான் கோடு இல்லை.

சரி, காகிதம் பழசு, கணினியில் முப்பரிமாணமாகப் பார்க்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செலவுக் கணக்கின் முதல் பக்கம் மகிழ்ச்சியானது. கியூஜிஐஎஸ் மென்பொருள்: 0 ரூபாய். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு: 0 ரூபாய். இஸ்ரோ 2005 மே 5 அன்று ஏவிய கார்ட்டோசாட்-1 எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து செய்த கார்ட்டோடெம், புவன் தளத்தில்: 0 ரூபாய். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தரவும் அப்படியே.

எஸ்.ஆர்.டி.எம். தரவில் சென்னையின் கோப்புக்குப் பெயர் ‘என்13இ080’. வடக்கு 13 பாகை, கிழக்கு 80 பாகையில் தொடங்கும் ஒரு பாகைச் சதுரம். அதில் 3,601 நிரை, 3,601 நிரல். மொத்தம் 1,29,67,201 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு 2 பைட் என்றால் சுமார் 2.6 கோடி பைட், அதாவது 26 எம்.பி. அதிலும் பாதிக்கு மேல் வங்காள விரிகுடா. இந்தச் சதுரத்தின் தெற்கு விளிம்பில் பரங்கிமலை இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் அங்கே சங்கிலி பிடித்துச் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியதில்தான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை பிறந்தது. அதே சதுரத்தின் வடக்கில் ஸ்ரீஹரிகோட்டா. கார்ட்டோசாட் கிளம்பிய இடம். சங்கிலியும் ராக்கெட்டும் ஒரே கோப்புக்குள்.

இனி அடுத்த பக்கம். ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர். பரப்பு 900 சதுர மீட்டர். நம் கணக்கில் 9,688 சதுர அடி, ஏறக்குறைய 4 கிரவுண்டு. நான்கு மனை, நடுவில் ஒரு சந்து, ஒரு வேப்பமரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண். எஸ்.ஆர்.டி.எம்.மில் அந்த எண்ணும் முழு மீட்டர். 5 அல்லது 6, நடுவில் எதுவும் கிடையாது. ரேடார் பார்ப்பதும் தரையை அல்ல, மேலே இருப்பதை. ஓட்டு வீடு, மொட்டை மாடி, மணலியின் எண்ணெய்த் தொட்டி, லாரி ஷெட், புளியமரம் எல்லாம் அதற்கு நிலம்தான். மாத்தூரின் தரவுக்கு 1 மீட்டர் இடைவெளியில் கோடு போடச் சொன்னேன். திரையில் வந்தது இடியாப்பம்.

பிழைக்கும் கோட்டுக்கும் ஒரு பழைய விதி உண்டு. பத்தில் ஒன்பது புள்ளிகளின் உயரப் பிழை, கோட்டு இடைவெளியில் பாதிக்குள் அடங்க வேண்டும். அதாவது பிழையைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட்டால்தான் கோடு நம்பகமானது. எஸ்.ஆர்.டி.எம். திட்டமிட்ட பிழை வரம்பு 16 மீட்டர். ஆகவே இடைவெளி 32. புழலிலிருந்து கடல் வரை உள்ள 15.3 மீட்டருக்குள் விழக்கூடிய கோடுகள்: 0. பின்னாளில் சரிபார்த்தபோது யூரேசியாவில் அதன் பிழை 6.2 மீட்டர்தான் என்று தெரிந்தது. அப்படியும் இடைவெளி 12.4, கோடு 1. கார்ட்டோடெம் பிழை 8 மீட்டர், இடைவெளி 16, கோடு 0. கோப்பர்நிக்கஸ் 4 மீட்டர், இடைவெளி 8, கோடு 1. விமானத்திலிருந்து லேசர் அடித்து அளக்கும் லிடார் 25 செ.மீ. பிழையோடு வந்தால்கூட இடைவெளி அரை மீட்டர், கோடுகள் 30. இலவசத் தரவின் முழுக் கையிருப்பும் ஒரு கோடு என்பதைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

லிடாருக்குப் போனால் கோப்பும் பெருக்கும். 30 மீட்டர் கட்டத்தில் மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரும் 4.73 லட்சம் எண்கள், ஒரு எம்.பி.க்குள் அடங்கும், கைப்பேசியில் எடுக்கிற ஒரு படத்தைவிடச் சிறியது. 1 மீட்டர் கட்டமாக்கினால் 42.6 கோடி எண்கள். எண்ணுக்கு 4 பைட் என்றால் 1.7 ஜி.பி. ஒரு சினிமா அளவு. இன்றைக்கு யார் மடிக்கணினியும் தாங்கும்.

முப்பரிமாணக் காட்சியில் கண்ணை ஏமாற்றும் வேலை ஒன்று நடக்கிறது. உபரிக் கால்வாயின் 13.5 கிலோமீட்டரை 1:50,000 அளவில் மேசை மேல் மாதிரியாகச் செய்தால் நீளம் 27 செ.மீ. வரும். அதே அளவில் 15.3 மீட்டர் உயரம் 0.3 மில்லிமீட்டர்; ஜெராக்ஸ் தாள் மூன்றை அடுக்கிய தடிமன். புழலிலிருந்து எண்ணூர் வரை உள்ள நிலம் முழுவதும் மூன்று தாள் உயரத்துக்குள் ஏறி இறங்குகிறது. இது கண்ணுக்குத் தெரியாது என்பதால் மென்பொருளில் செங்குத்து அளவை மட்டும் 50 மடங்கு இழுக்கிறோம். உடனே 1.5 செ.மீ. ஆகிவிடுகிறது, ஏரி மேலே, கழிமுகம் கீழே, நடுவில் வழுக்கிக்கொண்டு போகும் சரிவு. மாணவர்களுக்கு இதைக் காட்டினால் கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம் என்பது ஒரு நிமிடத்தில் விளங்கும். ஆனால் அந்த இழுப்பு பிழையையும் சேர்த்தே இழுக்கிறது. 4 மீட்டர் பிழை 50 மடங்கில் 200 மீட்டர். பரங்கிமலை 300 அடி என்பார்கள். அதுபோல் இரண்டு மலை, இல்லாத இடத்தில் முளைத்து நிற்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2022இல் கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கணக்கிட்டுக் கழித்து ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். படம் அதில் அமைதியாகிறது. தெருவுக்குத் தெரு உள்ள வித்தியாசத்தை அதுவும் சொல்லாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலும் 4 மீட்டர் ஸ்டாஃப் என்ற அளவுகோலும் ஏந்தி வெயிலில் நிற்கிற இருவரை வைத்துப் பாருங்கள். பின்னால் 50 மீட்டர், முன்னால் 50 மீட்டர் பார்த்து ஒரு நிலை. 13.5 கிலோமீட்டருக்கு 135 நிலைகள். சாதாரண மட்ட அளவையில் அனுமதிக்கும் பிழை, கிலோமீட்டர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 24ஆல் பெருக்கி வரும் மில்லிமீட்டர். 13.5இன் வர்க்கமூலம் 3.67, பிழை 88 மில்லிமீட்டர். முழுக் கால்வாயையும் கடந்த பிறகு 9 செ.மீ. கூட இல்லை. கோப்பர்நிக்கஸைவிட 45 மடங்கு துல்லியம். அவர்கள் தொடங்கும் பெஞ்ச் மார்க் என்ற மட்டக் குறியின் உயரமும் கடலிலிருந்து வந்ததுதான்: 1909இல் இந்தியாவுக்கு மட்ட வலை அமைத்தபோது ஆதாரமாக வைத்த ஒன்பது துறைமுக அலைமானிகளில் சென்னையும் ஒன்று.

செ.மீ. ஒவ்வொன்றும் ரூபாயில் எவ்வளவு என்பதை இப்போது பார்ப்போம். கொசஸ்தலை வடிநிலத்துக்காகத் திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் மண்டலங்களில் மாநகராட்சி மழைநீர் வடிகால் கட்டுகிறது. ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன். மொத்தத் திட்டம் ரூ.3,220 கோடி; நீளம் 769 கிலோமீட்டர். வகுத்தால் மீட்டருக்குச் சராசரி ரூ.41,900. இப்படிப்பட்ட சமதளத்தில் வடிகாலுக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவு கொடுத்தால், 100 மீட்டரில் 10 செ.மீ. இறங்கும். கடைசிப் புள்ளியின் மட்டம் 10 செ.மீ. தப்பினால் சரிவு சுழி. 12 செ.மீ. தப்பினால் தண்ணீர் வந்த வழியே திரும்பும். அந்த 100 மீட்டருக்குப் போட்ட பணம் 42 லட்சம். ஸ்டாஃப் பிடித்தவர் ஒரு கையகலம் கவனம் பிசகினால் 42 லட்சம் கொசுவுக்குத் தொட்டியாகும்.

இதைவிடத் துல்லியமான கணக்கு மாத்தூருக்குத் தெற்கே, கொடுங்கையூரில். அந்தப் பகுதியில் கோடு போடுவதற்கு ஏற்ற மலை அது ஒன்றுதான், குப்பை மலை. 252 ஏக்கரில் 66.52 லட்சம் டன் பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்க ரூ.641 கோடித் திட்டம். டன்னுக்குச் சுமார் ரூ.964 ஆகிறது. இவ்வளவு குப்பையைத் தராசில் வைத்து மதிப்பிட முடியாது. ட்ரோன் பறக்கவிட்டு, உயர மாதிரி செய்து, கோட்டுக்குக் கோடு பரப்பை அளந்து, கன அளவு கண்டுபிடிப்பதுதான் வழி. 252 ஏக்கர் என்பது 10.2 லட்சம் சதுர மீட்டர். தரை மட்டத்தை 10 செ.மீ. கூட்டியோ குறைத்தோ எடுத்தால் 1.02 லட்சம் கன மீட்டர் வித்தியாசம். கன மீட்டர் ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் ரூ.9.8 கோடி. ஒரு செ.மீ. மட்டம், 98 லட்சம் ரூபாய். ஒப்பந்தக்காரரும் அதிகாரியும் ஒரே மாதிரியை, ஒரே அடித்தளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்களா என்று கேட்க வேண்டிய இடம் இது. அந்த அடித்தளக் கோப்பைப் பொதுவில் வைத்தால் கேட்கவே தேவையிருக்காது.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். மாத்தூரில் வீடு கட்டுகிறவர் முதலில் பக்கத்து வீட்டுப் படியைப் பார்த்து, அதைவிட இரண்டு அடி ஏற்று என்கிறார். ஒரு கிரவுண்டை 2 அடி ஏற்ற 4,800 கன அடி மண், 48 யூனிட். 3 யூனிட் டிப்பர் என்றால் 16 நடை. யூனிட் விலையைப் பேசியவர்களே பெருக்கிக்கொள்ளலாம். அந்த 48 யூனிட் இடத்தில் வெள்ளத்தின்போது நின்றிருக்கும் தண்ணீர் 1.36 லட்சம் லிட்டர். அது இப்போது ஏற்றாத வீட்டுக்குப் போகிறது. நூறு மனை ஏற்றினால் 1.36 கோடி லிட்டர். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே ரோடு போட்டால் ஏற்றிய வீடும் ஐந்தாறு வருடத்தில் பள்ளமாகிவிடும். பிறகு மறுபடி 16 நடை.

ஏரியிலிருந்து வினாடிக்கு 1,000 கன அடி திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சுருக்கு வைத்திருக்கிறேன். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் வந்த தண்ணீரை ஒரு சதுர கிலோமீட்டரில் பரப்பினால் 10 செ.மீ. நிற்கும். கால்வாய் கொண்டுபோனது போக மீதியைத்தான் பரப்ப வேண்டும். ஆனால் எந்தச் சதுர கிலோமீட்டர் என்பதைச் சொல்ல 10 செ.மீ. வரை நம்பக்கூடிய தரை மாதிரி வேண்டும். 4 மீட்டர் பிழையுள்ள மாதிரியில் தண்ணீரை ஓடவிட்டால் அது மொட்டை மாடிகளைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. திருவொற்றியூர் மேற்கிலும் எண்ணூரிலும் தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் கறுப்புக் கறை நின்றது. ஓடாமல் தேங்கிய தண்ணீரின் மேல்பரப்பு ஒரே மட்டம். ஒரு தெருவில் பத்து வீட்டுச் சுவரிலும் நிற்கும் கறையை இணைத்தால், அதுதான் அந்தத் தெருவின் சம உயரக் கோடு. தாளில் விழாதது சுவரில் விழுந்திருக்கிறது. கறையிலிருந்து தரை வரை டேப் பிடித்தால் எந்த வாசல் எத்தனை செ.மீ. பள்ளம் என்பது தெரியும். தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கொத்தனாரின் தண்ணீர் டியூப் போதும். செலவு ஒரு டியூப்பின் விலை. பிழை ஒரு விரல்கடை.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அந்தக் கறையின் உயரத்தை அளந்து, தேதி போட்டு, கேட் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து வையுங்கள். வடிகாலுக்கு மட்டம் எடுக்க வருகிறவர்களிடம் அந்த ஆணியைக் காட்டுங்கள்.