இரண்டாவது நாயனம்

கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டு முடிந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களில் முதலில் ஏறுவது குழாய்தான். கூம்பு ஒலிபெருக்கியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கோயில் வாசலில் ஒன்று, தெருமுனைத் தென்னையில் ஒன்று, ஊர் எல்லைப் புளியமரத்தில் ஒன்று. சின்ன வயதில் நான் படுத்துக் கிடந்த திண்ணை இரண்டு குழாய்களுக்கு நடுவில் இருந்தது. கிட்டத்துக் குழாயில் சீர்காழி கோவிந்தராஜன் ஒரு சொல்லைப் பாடி முடிப்பார். தூரத்துக் குழாய் அதே சொல்லைப் பின்னாலேயே கொண்டுவரும். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஒரு குழாய் இன்னொன்றைவிட 34 மீட்டர் தள்ளி இருந்தால் பத்தில் ஒரு நொடி தாமதம். அப்போது எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு குரல் இரண்டாகக் கேட்டது, நன்றாக இருந்தது, அவ்வளவுதான். செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தூரத்துப் பாட்டு அலைந்து அலைந்து வரும். மைக் செட்காரர் ஆம்பிளிஃபயரைக் கூடுதலாகத் திருகிவிட்டால் குரலின் ஓரம் தடித்து லேசாகக் கரகரக்கும்.

இரட்டிப்பு, அலைவு, தடிப்பு. தென்காசியைச் சுற்றியுள்ள கொடைகளில் நான் கிட்டார் வாசிக்கும்போது என் காலடியில் இருக்கும் ஒரு சின்ன உலோகப் பெட்டி இந்த மூன்றையும்தான் செய்கிறது. கிட்டார்க்காரர்கள் அதைப் பெடல் என்பார்கள். கிட்டாருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவில் வயரோடு வயராக உட்கார்ந்துகொண்டு, போகிற ஒலியை மாற்றி அனுப்பும் கருவி. காலால் அழுத்தினால் வேலை செய்யும், மறுபடி அழுத்தினால் ஒதுங்கிக்கொள்ளும். என்னிடம் இருப்பது கலிஃபோர்னியாவில் ஸ்டிரைமன் கம்பெனி செய்யும் டெக்கோ. கைமாறி வந்ததை வாங்கினேன். இரண்டு டேப் ரெக்கார்டர்களை அருகருகே வைத்து ஒரே பாட்டை ஓட்டினால் என்னவெல்லாம் நடக்குமோ, அதைச் செய்துகாட்டுவதற்கென்றே உருவான பெட்டி இது. உள்ளே நாடா கிடையாது. ஒரு சிப் கணக்குப் போட்டு அந்த ஒலியை உண்டாக்குகிறது.

இதைக் கேள்விப்பட்டதும் எனக்குப் பெரியப்பாவின் கடைதான் ஞாபகம் வந்தது. 1980களில் தென்காசியில் அவர் கேசட் பதியும் கடை வைத்திருந்தார். ஜனங்கள் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். அறுபதென்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. மறுநாள் சாயங்காலம் கிடைக்கும். கொடை நாட்களில் வில்லுப்பாட்டு நடக்கும் இடத்துக்கே டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், மைக் செட்டிலிருந்து ஒரு வயர் இழுத்துப் பதிவு செய்வார். மெஷினின் முகத்தில் இரண்டு முள் ஆடும். சத்தம் கூடக் கூட முள் வலதுபக்கம் சிவப்புக் கோட்டை நோக்கிப் போகும். எனக்கு அந்த முள்ளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"ஏலே, முள்ளு செவப்பத் தொடலாம். அங்கயே குடியிருக்கக் கூடாது" என்பார்.

நாடா ஒலியின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. கேசட் நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடு தூள். பதிவு செய்யும்போது ஒலிக்கேற்ப அந்தத் துகள்கள் காந்தமாகித் திசை திரும்புகின்றன. ஒலி கூடினால் கூடுதல் துகள்கள் திரும்பும். ஆனால் துகள்களுக்கு ஒரு எண்ணிக்கை உண்டு. ஏறக்குறைய எல்லாமே திரும்பிவிட்ட பிறகு எவ்வளவு உரக்கப் பாடினாலும் நாடா அதே விகிதத்தில் ஏற்றுக்கொள்ளாது. அந்த எல்லையை நெருங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்க ஆரம்பித்துவிடும். ஆங்கிலத்தில் சாச்சுரேஷன் என்கிறார்கள். நிறைந்துபோதல் என்று சொல்லலாம்.

குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேலிருந்து முழு வேகத்தில் விழும் தண்ணீர் நேராக நம் தலைக்கு வருவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, நிறைந்து, பொங்கி, அதன் பிறகுதான் கீழே வழிகிறது. அந்தப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் நம்மால் அருவிக்கு அடியில் நிற்க முடிகிறது. நாடா ஒலிக்குச் செய்வதும் இதுதான். மீட்டுகோல் கம்பியில் படும் அந்த முதல் அடியின் கூர்மையை வாங்கிக்கொண்டு, பின்னால் வரும் நாதத்தைக் குறையாமல் விடும். செல்போனில் கொடை மேளத்தைப் படம்பிடித்தால் வரும் சத்தத்தையும் யோசித்துப் பாருங்கள். டிஜிட்டல் பதிவில் எல்லை வந்ததும் அலையின் தலையை நறுக்கென்று வெட்டிவிடும். காதில் மணலைக் கொட்டியதுபோல் இருக்கும். அங்கே பொங்குமாங்கடல் கிடையாது.

இன்னொன்றும் நடக்கிறது. அலையின் உச்சி உருண்டையாகும்போது முன்பு இல்லாத சில மேல்சுரங்கள் பிறக்கின்றன. முக்கியமாக மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகள். நம் கணக்கில் சொன்னால், ஷட்ஜம் வாசித்தால் அதற்கு மேல் ஸ்தாயியின் பஞ்சமமும், அதற்கும் மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரமும் மெல்லிய நிழலாகச் சேர்கின்றன. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் கேட்கும் என்பார்களே, அதே உறவுதான். அதனால்தான் நாடாவில் பதிந்த குரல் சதைப்பிடிப்போடு கேட்கிறது. பெடலில் இதற்கென்று ஒரு குமிழ் உண்டு. நான் கால்வாசிக்கு மேல் திருப்புவது அபூர்வம். மெல்லக் கிள்ளினால் சுத்தமாகவும் அழுத்தி அடித்தால் தடித்தும் வர வேண்டும். எப்போதும் தடித்தே இருந்தால் முள் சிவப்பில் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

பெடலின் மறுபாதி இரட்டிப்பு. இதை நான் புரிந்துகொண்டது நையாண்டி மேளத்திலிருந்து.

எங்கள் ஊர் மேளத்தில் இரண்டு நாயனம், இரண்டு தவில். நாதஸ்வரம் என்று எழுதுவோம், பேச்சில் நாயனம்தான். இரண்டு நாயனமும் ஒரே பாட்டைத்தான் வாசிக்கும். ஆனால் இரண்டு பேருடைய சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல், ஒன்றில்லை, மூச்சு ஒன்றில்லை, விரல் தூக்கும் நேரம் மயிரிழை முன்பின் இருக்கும். அந்த மயிரிழைதான் ஒலியை அகலமாக்குகிறது. ஒரே ஆள் இரண்டு மடங்கு உரக்க ஊதினாலும் அந்த அகலம் கிடைக்காது. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் ஜோடியாக வாசிப்பார்கள். அவர்களுக்காக உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த வாசிப்பை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், இரண்டு மூச்சு தெரியும். எங்கள் பகுதியின் பெருமையான காருகுறிச்சி அருணாசலம் தன் குரு டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டாவது நாயனமாக உட்கார்ந்து வாசித்து வளர்ந்தவர்தான். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் போட்டிபோட்டு வாசித்ததைத் தமிழ்நாடே கேட்டது. குரலும் குழலும் ஒரே வரியில் ஓடும் இடங்கள் அதில் உண்டு. ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் போகும் அந்த ஓட்டத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை.

பாட்டுப் பதிவில் இந்த அகலம் வேண்டுமென்றால் ஒரே பாடகர் அதே பாட்டை இரண்டு முறை பாட வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கு அது சலிப்பாக இருந்தது. 1966-இல் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடிய குரலை இரண்டாவது டேப் மெஷினுக்கு அனுப்பி, அந்த மெஷினின் வேகத்தை லேசாகக் கூட்டிக் குறைத்து, அசலோடு சேர்த்துவிட்டார். நகல் அசலுக்கு மிக அருகில், கொஞ்சம் தள்ளாடியபடி வந்தது. ஒருமுறை பாடியது இருமுறை பாடியதாகக் கேட்டது. டெக்கோ பெடலின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

தாமதம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மில்லி நொடிக் கணக்கு, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய முப்பது மில்லி நொடிக்குள் வரும் இரண்டாவது ஒலியை நம் காது தனியாகப் பிரிக்காது, முதல் ஒலியோடு சேர்த்துவிடும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் தன் ஆய்வேட்டில் இதை எழுதினார். இருபது, முப்பது மில்லி நொடியில் வைத்தால் கிடைப்பது இரண்டு நாயனம். நூறைத் தொட்டால் என் திண்ணையில் கேட்ட இரண்டு குழாய். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து சன் ஸ்டூடியோவில் சாம் பிலிப்ஸ் 1950களில் எல்விஸ் பிரெஸ்லியின் குரலுக்குக் கொடுத்ததும் டேப் மெஷினால் உண்டாக்கிய இந்த வகை எதிரொலிதான். என் பெடலில் அரை நொடி வரை போகலாம். நான் போவதில்லை.

ஐந்துக்கும் கீழே இறக்கினால் வேறொன்று நடக்கும். இரண்டு அலைகளும் சில சுரங்களில் ஒன்றையொன்று கூட்டும், சிலவற்றில் அழிக்கும். தாமதம் மாற மாற அந்த இடங்களும் நகரும். ஒலி சுழன்று மேலேறி இறங்கும். இதை ஃபிளாஞ்சிங் என்கிறார்கள். ஃபிளாஞ்ச் என்றால் நாடா வட்டின் விளிம்பு. ஓடுகிற வட்டின் விளிம்பை விரலால் லேசாகத் தடுத்தால் வரும் ஒலி அது.

இந்த ஒலிக்குப் பெடல்கூட வேண்டாம், குற்றாலத்துக்கு வந்தால் போதும். சீசனில் அருவிப் பக்கம் வழுவழுப்பான ஒரு பாறைச் சுவர் அருகே நின்று, தலையை மெதுவாகச் சுவரை நோக்கிக் கொண்டுபோங்கள். அருவியின் "ஸ்" என்ற இரைச்சலுக்குள் ஒரு சுருதி மேலேறுவது கேட்கும். நேராக வரும் இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் இரைச்சலும் ஒரு நூலிழை வித்தியாசத்தில் சேர்வதால் வருவது. 1693-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் பிரான்ஸில் ஷான்டிலி அரண்மனைத் தோட்டத்து நீரூற்றின் அருகே இதே போன்ற ஒரு சுருதியைக் கேட்டார். நீரூற்றின் இரைச்சல் கல் படிக்கட்டில் பட்டுத் திரும்பியது. படியின் அகலத்துக்குச் சமமான நீளத்தில் காகிதக் குழாய் செய்து ஒப்பிட்டார், அதே சுருதி வந்தது. ஐந்தருவியில் நான் சட்டை நனைய இதைச் செய்து பார்த்த அன்றுதான் பெடலின் தாமதக் குமிழ் எனக்கு விளங்கியது.

மேடை வேறு விஷயம். வாங்கிய புதிதில் ஒரு கொடையில் இரட்டிப்பை முழுதாகக் கூட்டி வைத்து ஒரு பாட்டின் இடையிசையை வாசித்தேன். வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது வலது காது, இடது காது என்று விரிந்து கிடந்த ஒலி, அங்கே சுருங்கிப்போய் டப்பாவுக்குள் இருந்து வந்தது. காரணம் எளிது. கொடை மேடையில் எல்லாக் குழாய்க்கும் போவது ஒரே ஒலி. அசலும் நகலும் காற்றில் சேராமல் வயருக்குள்ளேயே சேர்ந்துவிடுகின்றன. பாதி சுரங்கள் அங்கேயே அழிந்துவிடும். அதோடு மைக் செட்டில் ஏற்கெனவே எக்கோ போட்டிருந்தார்கள்.

"அண்ணே, எக்கோவக் கொஞ்சம் கொறைங்க" என்றேன்.

"எக்கோ இல்லன்னா பாட்டு எடுபடலன்னு ஊர்ல சொல்லுவாவ தம்பி. எங்களுக்கு அடுத்த கொட கெடைக்காது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து மேடையில் நகலின் அளவை அசலுக்குப் பாதியாக வைக்கிறேன். தாமதம் முப்பதை ஒட்டி, அலைவு இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவு. சாரல் அடித்தால் பெடல் மேல் பிளாஸ்டிக் கவர். ஒன்பது வோல்ட் அடாப்டரை எப்போதும் தனியாக ஒரு ஸ்டெபிலைசர் வழியாகத்தான் கொடுப்பேன், ஜெனரேட்டர் கரண்டை நம்பி நேரடியாக மாட்டுவதில்லை. பெடல் வாங்க நினைக்கும் தம்பிகள் என்னிடம் எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். எந்தக் கம்பெனியானாலும் முதல் ஒரு மாதம் எல்லாக் குமிழையும் கால்வாசிக்குக் கீழே வைத்து வாசியுங்கள். அணைத்தால்தான் அது இருந்தது தெரிய வேண்டும்.

கடைசியாகக் கொடை நடத்தும் ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சில ஊர்களில் இப்போது செலவைக் குறைக்க ஒற்றை நாயனத்தோடு மேளம் பேசுகிறார்கள், அகலம் குறைவதை எக்கோ போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். ஒரு நகல் ஒலியைத் திருத்தமாக உண்டாக்க எத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைத் தினமும் காலடியில் பார்க்கிறவன் நான். வேறு எதிலாவது குறைத்துக்கொள்ளுங்கள். வரும் கொடைக்கு இரண்டு நாயனத்துக்கும் சேர்த்து முன்பணம் கொடுங்கள்.