வாணிபமும் வயற்கணக்கும்

வாணிபம் என்றதும் இலாபம் ஒன்றையே நினைப்பது பலர் வழக்கம். திருவள்ளுவரோ வாணிகத்துக்குரிய நெறியைப் பொருட்பாலில் வைத்தாரல்லர். அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். தற்கால வணிகவியலைக் கற்கப் புகுவோர்க்கு இதுவே தக்க தலைவாயில் என்பது என் கருத்து.

அவ்வியலின் முதல் தூண் கணக்கு. 1494ஆம் ஆண்டில் வெனிசு நகரிலே அச்சான தமது கணித நூலில், லூக்கா பசியோலி என்னும் துறவி இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அவர் அதனைப் புதிதாகப் படைத்தவரல்லர். வெனிசு வணிகர் கையாண்டு வந்ததையே ஒழுங்குபட எழுதி வைத்தார். கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றையும் இரு பக்கங்களிற் பதியும் இம்முறையில், ஒரு பக்கத்துப் பிழையை மறுபக்கம் காட்டிக்கொடுக்கும்.

இது நகரத்துக் கடைகளுக்கே உரியதென எண்ணற்க. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியிலுள்ள கரடியனாற்றிலே நெல் விளைப்பவனும் ஒரு வணிகனே. உரம், உழவு இயந்திரம் ஆகியவற்றுக்குக் கொடுத்த பணத்தை அவன் செலவென்று கொள்வான். மனைவி மக்களோடு தான் உழைத்த நாட்களையும், வீட்டிலிருந்தெடுத்து விதைத்த நெல்லையும் கணக்கில் எடான். கற்பனையாக ஓர் உதாரணம் கொள்வோம். கைப்பணம் 80,000 ரூபா செலவிட்டு, 100,000 ரூபாவுக்கு நெல் விற்றவன், 20,000 இலாபம் என்று மகிழ்கிறான். வீட்டார் உழைப்புக்கு 15,000, விதைநெல்லுக்கு 8,000 என்று எழுதிப் பார்த்தால், இலாபம் மறைந்து 3,000 ரூபா நட்டம் வெளிப்படுகிறது!

இரண்டாவது தூண் காலமறிதல். பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்ததும் எல்லாக் களங்களின் நெல்லும் ஒருங்கே சந்தைக்கு வர, விலை தாழ்கிறது. பொறுத்து விற்பதற்குக் களஞ்சியமும் கைமுதலும் வேண்டும். கடன்பட்டவனிடம் இரண்டும் இல்லை. ஆதலால் கடன் கொடுத்தவனே நெல்லின் விலையையும் சொல்கிறான்.

தனியொருவனால் ஆகாத இதனைப் பலர் கூடிச் செய்யலாம் என்பதே மூன்றாவது தூணாகிய கூட்டுறவு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து, மா, வெண்ணெய், சீனி முதலியன விற்கும் சிறு கடையொன்றைத் திறந்தனர். கலப்படமற்ற பண்டம், குறையாத நிறை, ஆளுக்கொரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ற இலாபப் பங்கு என்பன அவர்தம் விதிகள். வள்ளுவர் சொன்ன நடுவுநிலைமை அங்கே கடையின் சட்டமாயிற்று. இலங்கையில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழி வகுத்தது. 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் பரவின.

ஆயினும், கணக்கறியாத அங்கத்தவர் கூடிய சங்கம் சிலர் கையிற் சிக்கிவிடும். பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் ஐந்தொகையை விளங்கிக் கேள்வி கேட்பவர் இருந்தாலன்றோ அது நிலைக்கும்? எனவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: உயர்தர வகுப்பிலே கணக்கீடு கற்கும் மாணவன், தன் வீட்டு வயலின் ஒரு போகத்துக் கணக்கை, வீட்டார் உழைப்பையும் சேர்த்து, ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். அதனைத் தந்தைக்கு வாசித்தும் காட்டட்டும்.