உயிர் காத்த முயலும் ஆடும்

சோமனூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையை வெறிநாய் கடித்துவிட்டதா? உடனே ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம். அந்த ஊசி எப்படி வந்தது?

முயல் தந்த மருந்து

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் வெறிநோய்க் கிருமியை முயல்களுக்குச் செலுத்தினார். இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தினார். கிருமியின் வேகம் குறைந்தது. அதையே மருந்தாக்கி, முதலில் நாய்களுக்குப் போட்டுப் பார்த்தார். 1885-ல், நாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குப் போட்டார். சிறுவன் பிழைத்தான்!

குன்னூரில்

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் குன்னூர். அங்கே 1907-ல் பாஸ்டர் நிலையம் தோன்றியது. பல ஆண்டுகள் ஆட்டு மூளையிலிருந்து மருந்து செய்தார்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள்.

இன்று அந்த மருந்து இல்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் புது மருந்து தயாராகிறது. கையில் சில ஊசிகள் போதும்.

நாய் கடித்தால் மந்திரிக்க ஓடாதீர்கள். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோய் முற்றினால் பிழைப்பது அரிது!