பிராக் நகரில் கேட்ட இரு கேள்விகள்

தலையில் மணிமுடி, இடக்கையில் உலக உருண்டை, ஆசி வழங்க உயர்ந்த வலக்கை. நம்மில் பலருடைய இல்லங்களில் இப்படம் உண்டு. பிராக் குழந்தை இயேசுவின் திருவுருவம் அது. என் தாயார் அப்படத்தின் முன் செபிக்காமல் ஒரு மாலையும் கழித்ததில்லை. ஐரோப்பாவில் காரில் பயணம் செய்யும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தபோது, “அந்தக் குழந்தையைப் பார்த்து எனக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வா, மகனே” என்றார்.

வியன்னாவிலிருந்து அதிகாலையில் புறப்பட்டோம். பிர்னோ நகரின் வழியாகப் பிராக் சுமார் 330 கிலோமீட்டர். ஆஸ்திரிய எல்லையைக் கடந்து செக் குடியரசில் நுழைந்தோம். பழைய நகரின் தெருக்கள் குறுகலானவை. அங்கே வெளியூர்க் கார்களுக்கு இடம் கிடைப்பது கடினம். ஆகவே புறநகரில் காரை விட்டுவிட்டுச் சுரங்க இரயிலில் சென்றோம்.

முதலில் நாடியது வெற்றி அன்னை ஆலயத்தை. வலப்புறப் பீடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் குழந்தை இயேசு வீற்றிருக்கிறார். உயரம் 47 சென்டிமீட்டர்தான்! மரத்தில் செய்து மெழுகு பூசிய இச்சுரூபம் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தது. பொலிக்சேனா என்னும் பிரபுகுலப் பெண்மணி 1628இல் இதைக் கார்மேல் சபைத் துறவியருக்கு அளித்தார். 1631இல் சாக்சனிப் படையினர் நகரைப் பிடித்து ஆலயத்தைச் சூறையாடினர். சுரூபம் பீடத்தின் பின்னே குப்பையில் எறியப்பட்டது. 1637இல் சிரில் அடிகளார் கண்டெடுத்தபோது, அதற்குக் கைகள் இல்லை.

“கையை உடைத்தவர்கள் யார், அப்பா?” என்று கேட்டாள் பத்து வயது மகள்.

“சீர்திருத்த சபையைச் சார்ந்த படைவீரர்கள்” என்றேன். பதில் எளிதாக வந்தது.

மெழுகுதிரி ஏற்றிவிட்டு நடந்தோம். 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம் வல்தாவா நதியின் மேல் அரைக் கிலோமீட்டர் நீள்கிறது. இருமருங்கும் முப்பது சிலைத்தொகுதிகள். மன்னனின் சினத்துக்கு ஆளாகி 1393இல் இங்கிருந்து நதியில் எறியப்பட்ட புனித நெப்போமுக் அருளப்பரின் சிலையைத் தொட்டு வணங்குவோர் பலர்.

பாலத்தைக் கடந்து பழைய நகரச் சதுக்கத்தை அடைந்தோம். 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை அப்போஸ்தலர்கள் சன்னலோரம் வலம் வருவதைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினர். சதுக்கத்தில் கம்பீரமாக நிற்கிறது யான் ஹுஸ் என்னும் குருவின் சிலை. அவர் 1415ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார் என்று விளக்கினேன்.

“அவரை எரித்தவர்கள் யார், அப்பா?”

இம்முறை பதில் எளிதாக வரவில்லை. தப்பறை போதித்தார் என்று அவரைத் தீர்ப்பிட்டு அரச அதிகாரத்திடம் ஒப்படைத்தது திருச்சபையின் பொதுச்சங்கம். “நம்மவர்தான், அம்மா” என்றேன். சற்றுத் தொலைவில் தரைக்கற்களில் 27 வெண் சிலுவைகள் பதிந்துள்ளன. பேரரசருக்கு எதிரான கிளர்ச்சி 1620இல் தோற்றபின், மறு ஆண்டு அங்கே 27 தலைவர்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் நாட்டு மக்கள் கத்தோலிக்கராக வேண்டும், அல்லது வெளியேற வேண்டும் என்ற நிலை வந்தது. காலையில் நாங்கள் செபித்த ஆலயமும் லூத்தரன் சபையினர் கட்டியதே. 1624இல் அது கார்மேல் துறவியருக்குக் கொடுக்கப்பட்டது. அதையும் மறைக்காமல் மகளுக்குச் சொன்னேன்.

மறுநாள் கோட்டைக் குன்றின் மேலுள்ள புனித வீத்துஸ் பேராலயம் சென்றோம். 1344இல் தொடங்கி 1929இல் நிறைவுற்ற அற்புதப் பணி அது! வண்ணக் கண்ணாடிகளைவிட என்னை நிறுத்திவைத்தது ஒரு கல்லறை. கர்தினால் யோசேப் பெரான் அங்கே துயில்கிறார். நாசிகள் அவரைத் தாகாவ் முகாமில் அடைத்தனர். 1949 முதல் 1963 வரை கம்யூனிச அரசு காவலில் வைத்தது. 1965இல் உரோமை சென்றவர் தாயகம் திரும்ப இயலவில்லை. 1969இல் அங்கேயே இறந்தார். 2018இல்தான் அவருடைய உடல் ஊர் வந்து சேர்ந்தது.

இத்தனை இழந்தவர் 1965இல் வத்திக்கான் சங்கத்தில் எழுந்து பேசியது என்ன? தம் பகைவரைப் பழித்தாரா? இல்லை. ஹுஸ் எரிக்கப்பட்டதும், மக்கள் வலுக்கட்டாயமாக மதம் மாற்றப்பட்டதும் மனச்சான்றின் உரிமைக்கு எதிரான பாவங்கள். அவற்றின் பலனைத் தம் நாட்டுத் திருச்சபை இன்று சுமக்கிறது என்றார். 1999இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஹுஸின் கொடிய மரணத்துக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

ஊர் திரும்பியதும் தாயாரிடம் இரு கேள்விகளையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்த மனிதருக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றினாயா?” என்று கேட்டார்.

ஏற்றவில்லை. அன்று மாலை அவரே குழந்தை இயேசுவின் படத்தின் முன் இரண்டு ஏற்றினார்.

பிறர் நமக்கு இழைத்த தீங்கைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் தயங்குவதில்லை. நாம் பிறருக்கு இழைத்ததையும் அதே வாயால் சொல்லக் கற்போமாக.